பேரியாட்ரிக் அறுவைக்குப் பிறகு காபி: தர்மபுரி, கிருஷ்ணகிரி வீடுகளுக்கான முழு வழிகாட்டி

எடை குறைக்க இரைப்பை அறுவை செய்துகொண்டு வீடு திரும்பியவர்கள் முதலில் கேட்கிற கேள்விகளில் ஒன்று, "காபி எப்பக் குடிக்கலாம்?" என்பது. சோறு, பிரியாணி எல்லாம் அதற்கு அப்புறம்தான். நம் பக்கத்தில் பலர் இந்த அறுவைக்குச் சேலம், கோயம்புத்தூர், பெங்களூரு என்று வெளியூர் போகிறார்கள். டிஸ்சார்ஜ் தாளில் காஃபீன் வேண்டாம் என்று ஒரு வரி இருக்கும். எத்தனை நாளைக்கு, மறுபடி எப்படித் தொடங்குவது, இத்தனை மாத்திரைகளுக்கு நடுவில் எங்கே வைப்பது என்பதெல்லாம் வீட்டுக்கு வந்த பிறகுதான் தோன்றும். என் அக்காவுக்கு இரைப்பை பைபாஸ் செய்தபோது எங்கள் வீட்டிலும் இதே குழப்பம்தான். அப்போது தேடித் தெரிந்துகொண்டதையும் கேட்டுத் தெரிந்துகொண்டதையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன்.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: காபியைக் காலத்துக்கும் விட வேண்டிய அவசியம் பெரும்பாலோருக்கு இல்லை. ஆனால் தண்ணீர், புரதம், மாத்திரை மூன்றும் அன்றைய நாளில் தங்கள் இடத்தைப் பிடித்த பிறகு மிச்சமிருக்கும் இடம்தான் காபிக்கு. நம் வீடுகளில் நடப்பது தலைகீழ். கண் விழித்ததும் காபி, மற்றதெல்லாம் அதைச் சுற்றி. அறுவைக்குப் பின் வரும் பல சிக்கல்கள் இந்த வரிசையிலிருந்துதான் தொடங்குகின்றன.

உங்கள் அறுவை மருத்துவர் தந்த தாளில் இதற்கு மாறாக ஏதாவது இருந்தால், அதையே பின்பற்றுங்கள்.

முதல் படி: எந்த அறுவை என்று தெரிந்துகொள்ளுங்கள்

"குடல் ஆபரேஷன்" என்று பொதுவாகச் சொல்லிவிடுகிறோம். ஆனால் காபி விஷயத்தில் எந்த வகை என்பது முக்கியம்.

ஸ்லீவ் அறுவையில் இரைப்பையின் முக்கால் பங்குக்கும் மேல் வெட்டி எடுக்கப்பட்டு, மீதி ஒரு குழாய் போல நிற்கும். இவர்களுக்கு முக்கியத் தொல்லை நெஞ்செரிச்சல். அமிலம் மேலே ஏறுவது இந்த அறுவைக்குப் பின் பலருக்கு வரும். காபி அதைத் தூண்டும்.

பைபாஸில் இரைப்பையின் மேல்பகுதியில் ஏறக்குறைய 30 மி.லி. மட்டும் கொள்ளும் சின்னப் பையை உருவாக்கி, சிறுகுடலை அதோடு நேரடியாக இணைப்பார்கள். மினி பைபாஸில் பை கொஞ்சம் நீளமாக இருக்கும். இணைத்த இடத்தில் புண் வரக்கூடும். இரும்பும் கால்சியமும் அதிகமாக உறிஞ்சப்படும் முன்சிறுகுடல் உணவு போகும் வழியிலிருந்து விலகிவிடுகிறது. சர்க்கரை வேகமாகக் குடலுக்குள் போனால் படபடப்பும் வயிற்றுப்போக்கும் வரும். ஆக, பைபாஸ் செய்தவர்கள் காபியில் போடும் சர்க்கரையிலும் மாத்திரை நேரத்திலும் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும்.

இரண்டாம் படி: அறுவைக்கு முன்பே குறைக்கத் தொடங்குங்கள்

தினமும் மூன்று நான்கு காபி குடித்தவர் சட்டென்று நிறுத்தினால் 12 முதல் 24 மணி நேரத்துக்குள் தலைவலி தொடங்கும். முதல் இரண்டு நாள் கடுமையாக இருக்கும். ஒன்பது நாள் வரைகூட இழுக்கலாம். அறுவை வலியோடு இதுவும் சேர்ந்தால் என்ன வலி, எதனால் வலி என்றே தெரியாது.

அதனால் தேதி குறித்ததும், இரண்டு மூன்று வாரத்துக்கு முன்பிருந்தே குறையுங்கள். முதலில் மாலைக் காபியை விடுங்கள். பிறகு காலைக் காபியில் டிகாஷனைப் பாதியாக்குங்கள். சிக்கரி அதிகமுள்ள தூளுக்கு மாறுவதும் ஒரு வழி, சிக்கரியில் காஃபீன் கிடையாது. கடைசி வாரத்தில் காபியே இல்லாத நிலைக்கு வந்துவிட்டால் மருத்துவமனையில் தலைவலி இல்லாமல் படுத்திருக்கலாம்.

மூன்றாம் படி: காபி இல்லாத வாரங்கள்

எத்தனை வாரம்? மருத்துவர்களுக்குள் ஒரே கருத்து இல்லை. ஒரு மாதம் என்று சொல்பவர்களும் உண்டு, மூன்று மாதம் என்பவர்களும் உண்டு. உள்ளே தையல் போட்ட இடம் ஆறுவதற்கான காலம் அது. ஒரு மாதத்துக்குக் குறைத்து நீங்களாக முடிவு செய்ய வேண்டாம்.

இந்த நாட்களில் உடம்புக்குத் தேவை தண்ணீர், ஒரு நாளைக்குக் குறைந்தது ஒன்றரை லிட்டர். மடக்கு மடக்காகக் குடிக்க முடியாது என்பதால், வாய் வாயாக நாள் முழுக்கக் குடித்துக்கொண்டே இருக்க வேண்டும். தெளிவான திரவம் மட்டும் என்ற முதல் கட்டம் முடிந்ததும், வடிகட்டிய ரசம், நீர்மோர், கொள்ளு வேகவைத்த தண்ணீர் எல்லாம் மருத்துவரின் அனுமதியோடு சேரும். கேழ்வரகுக் கஞ்சியும் நீர்க்கக் காய்ச்சி வடிகட்டினால் ஆகும். களியை மட்டும் நீண்ட காலத்துக்கு மறந்துவிடுங்கள். மெல்லாமல் உருட்டி விழுங்கும் பழக்கத்தில் வளர்ந்தவர்கள் நாம். அந்த உருண்டை சின்ன இரைப்பையின் வாயில் அடைத்துக்கொள்ளும்.

சூடாக ஏதாவது கையில் பிடித்துக் குடிக்க வேண்டும் என்ற ஏக்கம் வரும். அதற்குச் சுக்கு மல்லித் தண்ணீர் நல்ல துணை. சுக்கைக் குறைத்து, மல்லியைக் கூட்டி, மிளகில்லாமல், வடிகட்டி, வெதுவெதுப்பாகக் குடியுங்கள். கருப்பட்டி மட்டும் கூடாது. கடைகளில் விற்கும் சுக்கு காபிப் பொடி சிலவற்றில் கருப்பட்டியோ சர்க்கரையோ முன்பே கலந்திருக்கும், பாக்கெட்டைப் பார்த்து வாங்குங்கள்.

தலைவலி வந்தால் மெடிக்கலில் போய் "ஒரு தலைவலி மாத்திரை கொடுங்க" என்று கேட்டு வாங்காதீர்கள். ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக், ஆஸ்பிரின் ஆகியவை இரைப்பையில் புண் உண்டாக்கும். பைபாஸ் செய்தவர்களுக்கு வாழ்நாள் முழுக்கவே இவற்றைத் தவிர்க்கச் சொல்வார்கள். தலைவலி மாத்திரைகள் சிலவற்றில் காஃபீனும் கலந்திருக்கிறது. பாராசிட்டமால் போதுமானது. எந்த வடிவத்தில், எவ்வளவு என்று மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

புகைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. டீக்கடையில் காபியும் சிகரெட்டும் ஒன்றாகவே போகும் பழக்கம் நம் ஊரில் உண்டு. இணைத்த இடத்தில் புண் வருவதற்குப் புகையிலை மிக முக்கியமான காரணங்களில் ஒன்று. காபி மறுபடி வரலாம், சிகரெட் வரக் கூடாது. அந்தக் கடையில் நின்றால் கை தானாக நீளும் என்றால், சில மாதங்கள் வேறு கடைக்குப் போங்கள்.

நான்காம் படி: முதல் காபி

மருத்துவர் சரி என்று சொல்லியாயிற்று. அதோடு நீங்களும் சிலவற்றைப் பார்த்துக்கொள்ளுங்கள்: ஒன்றரை லிட்டர் தண்ணீர் தினமும் இறங்குகிறதா, வாந்தி நின்றுவிட்டதா, முட்டை, பருப்பு, தயிர் என்று புரதம் ஒழுங்காகப் போகிறதா. ஏதாவது ஒன்று சரியில்லை என்றால் காபி இன்னும் கொஞ்ச நாள் காத்திருக்கட்டும்.

முதல் நாளில் அரை டம்ளர், அதாவது 50 அல்லது 60 மி.லி. போதும். அதில் டிகாஷன் ஒரு தேக்கரண்டி. நன்றாக ஆறவிட்டு வெதுவெதுப்பாகக் குடியுங்கள். டபராவில் உயர்த்தி உயர்த்தி ஆற்றி நுரை வரவைப்பது நம் வழக்கம், ஆனால் அந்த நுரையோடு காற்றும் உள்ளே போகும். சின்ன இரைப்பைக்கு அது வலி. நுரையில்லாமல் மெதுவாக ஆற்றுங்கள், அல்லது டம்ளரிலேயே ஆற வையுங்கள். ஸ்ட்ராவும் வேண்டாம், அதிலும் காற்று சேரும்.

ஒரு வாய் குடித்துவிட்டு டம்ளரைக் கீழே வையுங்கள். இந்த அரை டம்ளர் முடிய கால் மணி நேரமாவது ஆக வேண்டும்.

வெறும் வயிற்றில் குடிக்க வேண்டாம். சாப்பாட்டோடும் வேண்டாம். திட உணவையும் திரவத்தையும் சேர்த்தால் உணவு வேகமாகக் கீழே தள்ளப்பட்டு, வயிறு நிறைந்த உணர்வு நிற்காது. சாப்பிட்ட பின் குறைந்தது அரை மணி நேரம் எந்தத் திரவமும் கூடாது என்பது பொது விதி. காபிக்கு இன்னும் அதிக இடைவெளி தேவை, காரணத்தை ஆறாம் படியில் சொல்கிறேன்.

முதல் காபிக்குப் பின் இரண்டு மூன்று நாள் உடம்பைக் கவனியுங்கள். நெஞ்செரிச்சல், மேல் வயிற்றில் எரிகிற வலி, படபடப்பு, அடிக்கடி வயிறு போவது ஆகியவற்றில் எது வந்தாலும் நிறுத்திவிட்டு, இரண்டு வாரம் கழித்து இன்னும் மென்மையாக முயன்று பாருங்கள். மறுபடியும் வந்தால் மருத்துவரிடம் சொல்லுங்கள். காபி ஒத்துக்கொண்டது என்று, மருத்துவர் தந்த அமிலம் குறைக்கும் மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்.

ஐந்தாம் படி: டம்ளருக்குள் என்ன இருக்கிறது

தூள்: ரொபஸ்டா கொட்டையில் அராபிகாவைவிட ஏறக்குறைய இரு மடங்கு காஃபீன் உண்டு. பக்கத்தில் ஏற்காட்டிலும் நம் வத்தல்மலையிலும் காபி விளைகிறது. கொட்டை வாங்கி அரைப்பவர்கள் என்ன வகை என்று கேட்டு வாங்குங்கள். சிக்கரி கலந்த தூளில் சிக்கரி எத்தனை சதவீதம் என்று பாக்கெட்டில் அச்சிட்டிருக்க வேண்டும் என்பது விதி. சிக்கரி கூடக் கூடக் காஃபீன் குறையும். ஆனால் சிக்கரியில் இருக்கும் இனுலின் என்ற நார்ப்பொருள் சிலருக்கு வாயுவை உண்டாக்கும். வயிறு உப்பினால் சிக்கரியைக் குறைத்துப் பாருங்கள்.

காஃபீன் நீக்கிய காபி கிடைத்தால் அது நல்ல பாலம். ஆனால் அதுவும் அமிலத் தன்மை உள்ளதுதான், கொஞ்சம் காஃபீனும் மிச்சம் இருக்கும்.

பால்: ஆவின் நீலப் பாக்கெட்டில் கொழுப்பு 3 சதவீதம், பச்சையில் 4.5, ஆரஞ்சில் 6. நீலம் போதும். வீட்டு மாட்டுப் பால் என்றால் காய்ச்சி ஆடையை எடுத்துவிடுங்கள். பாலில் புரதம் இருப்பதால் பால் காபி கெட்டதில்லை, 100 மி.லி.யில் ஏறக்குறைய 3 கிராம் இருக்கிறது. கொழுப்பு நீக்கிய பால்தூள் ஒரு கரண்டி சேர்த்தால் அது இன்னும் கூடும். அறுவைக்குப் பின் சிலருக்குப் பால் ஒத்துக்கொள்ளாமல் போகும். வயிறு பொருமி, தண்ணீராகப் போனால் காபியைக் குற்றம் சொல்லும் முன், சில நாள் பால் இல்லாமல் குடித்துப் பாருங்கள். எது காரணம் என்று தெரிந்துவிடும்.

சர்க்கரை: இதில் எனக்கு விட்டுக்கொடுக்க மனமில்லை. நாட்டுச் சர்க்கரை, வெல்லம், கருப்பட்டி, தேன் எதுவானாலும் சின்ன இரைப்பைக்குச் சர்க்கரைதான். "நாட்டுச் சர்க்கரைதானே, உடம்புக்கு நல்லது" என்று பெரியவர்கள் ஆசையாகப் போட்டுத் தருவார்கள். பைபாஸ் செய்தவர்களுக்கு 10 முதல் 30 நிமிடத்துக்குள் வியர்வை, படபடப்பு, வயிற்றைப் பிசைவது, வயிற்றுப்போக்கு என்று வரலாம். ஒன்று முதல் மூன்று மணி நேரம் கழித்து இன்னொரு சுற்றும் வரலாம். அப்போது ரத்தச் சர்க்கரை சடசடவென்று இறங்கி, கை நடுங்கி, கண் இருட்டும். வண்டி ஓட்டிக்கொண்டிருக்கும்போது அப்படி வந்தால் ஆபத்து. எதுவும் வராதவர்களுக்கும் நிம்மதி இல்லை. ஒரு தேக்கரண்டிச் சர்க்கரையில் ஏறக்குறைய 20 கலோரி. இரண்டு கரண்டி, நாளைக்கு மூன்று காபி என்றால் 120. நாள் முழுக்கச் சாப்பிடுவதே ஆயிரம் கலோரியை எட்டாத காலத்தில் அது பெரிய பங்கு. பாலும் சர்க்கரையும் முன்பே கலந்த உடனடிக் காபி சாஷே, ஜூஸ் கடை கோல்டு காபி இரண்டும் இதே கணக்கில் வரும்.

ஆறாம் படி: மாத்திரைகளின் நேரம்

இந்தக் கட்டுரையில் ஒரு பகுதியை மட்டும் படிப்பதாக இருந்தால் இதைப் படியுங்கள்.

காபி, டீ இரண்டிலும் உள்ள பாலிஃபீனால்கள் உணவிலும் மாத்திரையிலும் இருக்கும் இரும்பைப் பிடித்துக்கொள்ளும். 1983இல் வெளியான ஓர் ஆய்வில், சாப்பாட்டோடு ஒரு கப் காபி குடித்தபோது இரும்பு உறிஞ்சப்படுவது 39 சதவீதம் குறைந்தது. டீ குடித்தபோது 64 சதவீதம். சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்பு குடித்த காபியால் பாதிப்பு இல்லை. ஒரு மணி நேரம் பின்பு குடித்த காபியோ, சாப்பாட்டோடு குடித்த அளவுக்கே கெடுத்தது. அதாவது டிபன் முடித்ததும் காபி குடிக்கும் நம் வழக்கம் தப்பான பக்கத்தில் இருக்கிறது. ஏற்கெனவே உறிஞ்சும் பாதை குறைந்துபோன உடம்பில் இது சின்ன விஷயம் அல்ல. மாதவிலக்கு உள்ள பெண்களுக்கு அறுவைக்குப் பின் ஒரு நாளைக்கு 45 முதல் 60 மி.கி. இரும்பு பரிந்துரைக்கப்படுவது வழக்கம். அதை விழுங்கிவிட்டுப் பக்கத்திலேயே காபியும் குடித்தால் பாதி வீண்.

கால்சியமும் இரும்பும் ஒன்றையொன்று தடுக்கும். இரண்டுக்கும் நடுவில் இரண்டு மணி நேரமாவது வேண்டும். கால்சியத்தை ஒரு வேளைக்கு 500 அல்லது 600 மி.கி.க்கு மேல் எடுத்தாலும் உடம்பு முழுதாக ஏற்காது. விலை குறைந்த கால்சியம் மாத்திரைகளில் பலவும் கார்பனேட் வகை, அது கரைய அமிலம் தேவை. பைபாஸுக்குப் பின் அமிலம் குறைவு என்பதால் சிட்ரேட் வகைதான் ஏற்றது. மெடிக்கலில் அந்தப் பெயரைச் சொல்லிக் கேளுங்கள்.

தைராய்டு மாத்திரை போடுபவர்கள் அதை விடியற்காலையில் தண்ணீரோடு மட்டும் போட்டு, ஒரு மணி நேரம் காபி உட்பட எதையும் தொடக் கூடாது. இரும்பும் கால்சியமும் அதற்கு நான்கு மணி நேரம் தள்ளி.

இத்தனை விதிகளையும் ஒரு நாளுக்குள் அடக்கினால் இப்படி வரும். காலை ஆறு மணிக்குத் தைராய்டு மாத்திரை, அதன் பின் தண்ணீர். எட்டு மணிக்கு டிபன், முதலில் முட்டையோ பயறோ. பத்தரை மணிக்குக் காபி. ஒரு மணிக்குச் சாப்பாடு, அதோடு பல சத்துகள் சேர்ந்த மல்டிவைட்டமின் மாத்திரை. மூன்றரைக்கும் ஆறரைக்கும் கால்சியம். இரவு ஒன்பது மணிக்கு இரும்பு, கொஞ்சம் எலுமிச்சைச் சாறு கலந்த தண்ணீரோடு. வேலைக்குப் போகிறவர்கள் அரை மணி முன்பின் மாற்றிக்கொள்ளலாம், வரிசையை மாற்ற வேண்டாம். மருத்துவர் எழுதிய நேரம் வேறாக இருந்தால் இந்த அட்டவணையைக் காட்டிக் கேளுங்கள்.

விடியற்காலைக் காபி பத்தரைக்குப் போவது பலருக்குக் கஷ்டம், தெரியும். அக்காவும் முதலில் முகம் சுளித்தாள். ஆனால் பத்தரைக் காபிக்கு ஒரு நன்மை உண்டு. டிபனுக்கும் சாப்பாட்டுக்கும் நடுவில் எதையாவது கொறிக்கத் தோன்றும் நேரம் அது.

ஏழாம் படி: நம் ஊர்த் தண்ணீர்

வேறு மாவட்டத்துக்காரர்களுக்கு இந்தப் படி தேவைப்படாமல் போகலாம். தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் நிலத்தடி நீரில் ஃப்ளூரைடு (அளவு மீறினால் பல்லையும் எலும்பையும் கெடுக்கும் உப்பு) அதிகமுள்ள ஊர்கள் பல. அதற்காகத்தான் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் ஜப்பான் கடனுதவியோடு போடப்பட்டு, 2013இல் தொடங்கிவைக்கப்பட்டது. குடிநீரில் ஃப்ளூரைடு லிட்டருக்கு 1 மி.கி.க்குள் இருக்க வேண்டும், வேறு வழியே இல்லை என்றால் 1.5 வரை என்பது இந்தியத் தர அளவு.

கால்சியம் குறைந்த உடம்பை ஃப்ளூரைடு அதிகமாகத் தாக்கும். அறுவைக்குப் பின் கால்சியம் குறைவது சாதாரணம். அதனால் குடிக்கவும் டிகாஷன் போடவும் போர்த் தண்ணீர் வேண்டாம், ஒகேனக்கல் தண்ணீரையோ ஆர்.ஓ. தண்ணீரையோ எடுங்கள். கொதிக்கவைத்தால் ஃப்ளூரைடு போகாது, தண்ணீர் வற்ற வற்ற அடர்த்திதான் கூடும். இன்னொன்று, காபி ஒத்துக்கொள்ளவில்லை என்று டீக்கு மாறுகிறவர்கள் உண்டு. தேயிலைச் செடி மண்ணிலிருந்து ஃப்ளூரைடை இழுத்து இலையில் சேர்த்துவைக்கும் செடி. இரும்பையும் டீ அதிகமாகத் தடுக்கிறது. எனவே இந்த இரு மாவட்டத்தில் இருப்பவர்களுக்கு, இரண்டில் ஒன்று என்றால் மென்மையான காபிதான் மேல் என்பது என் எண்ணம்.

எட்டாம் படி: டீக்கடையும் விருந்தாளி வீடும்

கடையில் சொல்ல வேண்டியதை ஒரே மூச்சில் சொல்லிவிடுங்கள்: "அண்ணா, ஒரு காபி, சர்க்கரை இல்லாம, டிகாஷன் கம்மியா, பாதி கிளாஸ், நுரை வேண்டாம்." சில கடைகளில் பாலிலேயே சர்க்கரை போட்டுக் காய்ச்சுவார்கள், அதையும் கேட்டுவிடுங்கள். காபியோடு பன், பிஸ்கட், வர்க்கி, முறுக்கு வேண்டவே வேண்டாம். காபியில் நனைத்த பிஸ்கட் மெல்லாமலே வழுக்கி இறங்கும், இரைப்பை நிறைந்ததாகச் சொல்லாது. அறுவை செய்தவர்கள் ஓரிரு வருடத்தில் மறுபடி எடை போடுவதற்கு இந்த மாலை நேரத் தட்டு ஒரு பெரிய வழி.

உறவினர் வீட்டில் காபியை மறுப்பது நம் பக்கம் மரியாதைக் குறைவாகப் படும். "அண்ணி, டாக்டர் அரை டம்ளர்தான் குடிக்கச் சொல்லியிருக்கார், சர்க்கரை போடாதீங்க" என்று அடுப்படிக்குப் போகும் முன்பே சொல்லிவிடுங்கள். கலந்து கொண்டுவந்த பிறகு சொன்னால் அவர்களுக்கும் வருத்தம், உங்களுக்கும் சங்கடம்.

பரிசோதனைக்காகப் பெங்களூருக்கும் சேலத்துக்கும் போகும் நாட்களில் தண்ணீர் பாட்டிலைத் தவறாமல் எடுத்துப் போங்கள். வழியில் ஒரு காபி அந்த ஒன்றரை லிட்டர் கணக்கில் சேராது என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

எவ்வளவு வரை?

ஆறு மாதம் நல்லபடியாகக் கடந்தவர்களுக்கு ஒரு நாளைக்கு ஒன்று, மிஞ்சினால் இரண்டு சின்ன டம்ளர். நல்ல ஆரோக்கியமுள்ள பெரியவர்களுக்கு 400 மி.கி. காஃபீன் வரை என்று சொல்லும் கணக்கை இலக்காக எடுக்க வேண்டாம். குடித்த காஃபீனில் பாதி வெளியேறவே ஏறக்குறைய ஐந்து மணி நேரம் ஆகும், அதனால் மதியம் மூன்றுக்கு மேல் வேண்டாம். கர்ப்பத்தை அறுவைக்குப் பின் 12 முதல் 18 மாதம் தள்ளிப்போடச் சொல்வார்கள். கர்ப்பமானால் காஃபீன் 200 மி.கி.க்குள், சத்து மாத்திரைகளை மருத்துவர் புதிதாக எழுதித் தர வேண்டும்.

உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டியவை

மேல் வயிற்றில் விடாத வலி, ரத்த வாந்தி அல்லது காபித்தூள் போன்ற வாந்தி, ஒரு நாள் முழுக்கத் தண்ணீர்கூடத் தங்காத நிலை, மயக்கம். இரும்பு மாத்திரை போட்டால் மலம் கருப்பாகப் போவது இயல்பு. ஆனால் தார் மாதிரிப் பிசுபிசுப்பாக, கடுமையான நாற்றத்தோடு போனால் அது உள்ளே ரத்தக் கசிவாக இருக்கலாம். அறுவை செய்த ஊர் தூரம் என்று காத்திருக்காமல் 108ஐ அழைத்து, பக்கத்து அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போங்கள். என்ன அறுவை, எந்தத் தேதி என்று எழுதிய டிஸ்சார்ஜ் தாளைக் கையோடு கொண்டுபோங்கள். அதன் படம் வீட்டில் எல்லோர் போனிலும் இருப்பது நல்லது.

இது எதுவும் இல்லாதவர்களும் மூன்று, ஆறு, பன்னிரண்டு மாதங்களிலும் பிறகு வருடத்துக்கு ஒரு முறையும் ரத்தப் பரிசோதனை செய்ய வேண்டும். ஹீமோகுளோபின் மட்டும் போதாது. ஃபெரிட்டின் (உடம்பின் இரும்புச் சேமிப்பைக் காட்டுவது), பி12, வைட்டமின் டி, கால்சியம், பாராதைராய்டு ஹார்மோன் எல்லாம் பார்க்கச் சொல்லுங்கள். ஃபெரிட்டின் குறைந்திருந்தால், காபி எத்தனை மணிக்கு, இரும்பு எத்தனை மணிக்கு என்று ஒரு வாரம் எழுதி எடுத்துக்கொண்டு மருத்துவரிடம் போங்கள். நேரத்தை மாற்றினால் போதுமா, மாத்திரையைக் கூட்ட வேண்டுமா, ஊசி வழியாக இரும்பு ஏற்ற வேண்டுமா என்று முடிவு செய்ய அவருக்கு அந்தத் தாள் தேவைப்படும்.